பாதையில் விழுந்த மரம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் இளையரசனேந்தல் பக்கம் காற்று ஆளைப் பேச விடாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே போகும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றனவே, அவை இந்தக் காற்றை நம்பி வந்தவைதான். அதற்கு முன்னால் இந்தக் காற்றுக்கு வேறு வேலை இருந்தது. பொந்து விழுந்த மரமாகப் பார்த்துச் சாய்த்துவிட்டுப் போகும்.

1960களின் நடுவில், நான் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு மேற்கே வண்டிப்பாதையில் ஒரு பெரிய புளியமரம் அப்படிச் சாய்ந்தது. ராத்திரி விழுந்திருக்கிறது. விடியற்காலையில் பருத்தி மூட்டை ஏற்றிப் போன வண்டி திரும்பி வந்து சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்களும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டோம்.

மரம் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. தலைப்பகுதி வடக்கே ஓடைக்குள் இறங்கி, அங்கே நின்ற ஒரு இளம் வேப்பங்கன்றை வில்லாக வளைத்து அமுக்கிக்கொண்டிருந்தது. கன்று என்றால் என் தொடைக் கனம் இருக்கும். எங்கள் தெருக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, கெட்டிக்காரர், 'முதலில் இந்தச் சின்னதைக் கழித்துவிடுவோம், அப்புறம் பெருசைப் பார்ப்போம்' என்று அரிவாளோடு இறங்கினார். வளைந்து நின்ற இடத்தில் ஒரே போடு. வேப்பங்கன்று நிமிர்ந்தது. அது நிமிர்ந்ததை நான் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி கட்டிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, வலது கண் போயிற்று. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தார். யார் எதிரே வந்தாலும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் பார்ப்பார்.

அன்று மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து மரம் அறுக்கிற தாத்தா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவரும் அவர் மகனும் வந்தார்கள். ஒரு கோடாலி, இரண்டு ஆள் இழுக்கிற பெரிய ரம்பம், கடப்பாரை, தேர்வடம் மாதிரி ஒரு கயிறு, கருவேலங்கட்டையில் செதுக்கிய நாலைந்து ஆப்புகள், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். வந்தவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. மரத்தை மூன்று சுற்று சுற்றினார். வேர்ப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அண்ணாந்து பக்கத்து மரங்களைப் பார்த்தார். பிறகு பாதையோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன தாத்தா, நல்ல நேரம் பாக்கீகளோ?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டார்.

"நேரம் பாக்கலப்பா. இது எங்கெங்க மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடக்குன்னு பாக்கேன்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, வேர்ப் பக்கம் நிக்காத. மரம் விழுந்துபோச்சுன்னு நெனைக்கியா? இன்னும் விழுந்து முடிக்கல" என்று விரட்டினார். அந்த வார்த்தை அறுபது வருஷமாக என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதன் கணக்கைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். நிற்கிற மரத்தின் பாரம் வேர் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. அதை வெட்டுகிறவனுக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது ஒன்றுதான் பெரிய கவலை. விழுந்து கிடக்கிற மரத்தின் பாரம் எங்கெங்கோ தொக்கி நிற்கிறது. ஒரு கிளை மண்ணில் ஊன்றியிருக்கும், ஒரு கிளை முறுக்கிக்கொண்டிருக்கும், நடுமரம் பள்ளத்துக்கு மேல் பாலம் மாதிரிக் கிடக்கும், வேர்க்கட்டி ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் இழுத்து நாணேற்றிய வில். வெட்டுகிறவன் நாணை அறுக்கிறான். அம்பு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் அறுத்தால் எங்கள் மாமாவுக்கு நடந்ததுதான்.

இரண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடுவில் தொங்கிக் கிடக்கிற மரத்துக்கு மேல்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுவை. மேலிருந்தே ரம்பத்தை இறக்கிக்கொண்டு போனால் பாதியில் மரம் வாயை மூடி ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். தாத்தா மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்தார். வாய் மூடாமல் ஆப்பைச் செருகித் தட்டினார். மீதியைக் கீழேயிருந்து மேலாக அறுக்க வைத்தார். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நிற்கிற கிளைக்குக் கணக்கு தலைகீழ். அங்கே மேல்பக்கம்தான் இழுபட்டிருக்கும், அதனால் முதல் வெட்டு அடியில் போட வேண்டும். அதைச் செய்யாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை பாதியில் பிளந்து நார் உரிந்து அடிமரத்தோடு கிழிந்து வரும். பக்கவாட்டில் வளைந்து கிடந்தால், வளைவின் உட்பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும். வெளிப்பக்கம் நிற்கிறவனை அது அடிக்காமல் விடாது.

வேர்க்கட்டி விஷயம் தனி. மரத்தை வேருக்குக் கொஞ்சம் தள்ளி அறுத்தவுடன், மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்க்கட்டி திரும்பக் குழிக்குள்ளே விழும். சில சமயம் அடிமரத் துண்டோடு சேர்ந்து நிமிர்ந்து எழுந்து நிற்கும். குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தால் நினைத்துப் பாருங்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வளைந்த வேப்பங்கன்றின் மிச்சத்தையும் இன்னொரு வளைந்த கிளையையும் அவர் எப்படிக் கையாண்டார் என்பது இன்றும் கண்ணில் நிற்கிறது. வெட்டவே இல்லை. வளைவின் உள்பக்கத்தில் அரிவாளால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வந்தார். கிளை 'நறநற' என்று தானாகவே தளர்ந்து, படுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மட்டும் மரத்தை அறுத்து, துண்டைக் கடப்பாரையால் நெம்பி ஓரத்தில் உருட்டினார்கள். "மிச்சத்த ஏலம் எடுத்தவன் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

ஏலம் என்றதும் இளவட்டங்களுக்காக ஒரு வார்த்தை. பொதுப்பாதை ஓரத்துப் புளியமரம் என்றால் அது சும்மா நிற்கிற மரம் அல்ல. கிராமக் கணக்கில் அதற்கு ஒரு இடம் உண்டு. புறம்போக்கில் மரம் வைத்து வளர்த்தவருக்கு அதன் பலனை அனுபவிக்கக் கொடுப்பதுதான் '2சி பட்டா'. நிலம் சர்க்காருடையது, புளியம்பழம் பட்டாதாரருடையது. சாலையோரம் மரம் வைப்பது நம் பக்கம் ராணி மங்கம்மாள் பேரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட அந்த அம்மாள் போட்ட சாலைகளை இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்று சொல்கிற ஊர்கள் தென்மாவட்டங்களில் இருக்கின்றன. வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்த மரம் என்றைக்காவது ஒருநாள் அவன் வழியிலேயே விழத்தான் செய்யும். ஆகவே மரம் அகற்றுகிற வேலைக்கும் அந்தச் சாலைகளின் வயசு இருக்கும்.

உண்மையில் அதைவிடப் பழசு. 'ஆப்பசைத்த குரங்கு' என்று ஊரில் சொல்வோம். பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் வருகிற கதை. தச்சர்கள் ஒரு பெரிய மரத்தைப் பாதி அறுத்து, வாய் மூடாமலிருக்க ஆப்பை அடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு வந்து பிளவில் உட்கார்ந்து ஆப்பைப் பிடித்து ஆட்டிப் பிடுங்குகிறது. மரம் வாயை மூடுகிறது. தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் வசனநடையில் எழுதிய பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதையாயிற்று. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரபியில் 'கலீலா திம்னா' என்ற பெயரில் போய், அங்கிருந்து ஐரோப்பா வரைக்கும் சேர்ந்துவிட்டது. வேண்டாத வேலையில் தலையிடாதே என்பதற்காகச் சொன்ன கதை என்றுதான் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். எனக்கென்னவோ, அறுபட்ட மரத்துக்குள் அடங்கியிருக்கிற விசையைப் பார்த்த ஒரு மரத்தச்சன்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. ஆப்பு என்ன வேலை செய்கிறது என்று தெரியாதவனுக்கு இந்தக் கதை தோன்றாது.

படை நடத்தியவர்களுக்கும் இந்த மரம் ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. கோட்டையைச் சுற்றிக் காவற்காடு வளர்ப்பது நம் ராஜாக்களின் பழைய வழக்கம். முள்ளும் மரமும் பின்னிக் கிடந்தால் மதிலுக்கு முன்னால் இன்னொரு மதில். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் தடவை விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார். கர்னல் அக்னியூ தலைமையில் கம்பெனிப் படை பின்னாலேயே போனது. சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரைக்கும் காட்டை வெட்டிப் பாதை போட்டுவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். 1801 ஆகஸ்ட் மாதம் முழுக்க மரம் வெட்டினார்கள். வெட்டுகிறவர்களுக்குக் காவலாக ஒரு படையே நிற்க வேண்டியிருந்தது. முன்னால் காடு, பக்கத்தில் மறைந்திருந்து தாக்குகிறவர்கள், அதற்கு நடுவே நோயும் சோர்வும். கடைசியில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் பாதையை அப்படியே கைவிட்டுத் திரும்பினார்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும் இதிலும் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தது வேறு வழியாகப் போய்த்தான். பீரங்கி வைத்திருந்த படையை ஒரு மாதம் காடு நிறுத்தி வைத்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மருதிருவர் அதே அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுத வேண்டும்.

அப்படிக் காட்டை எதிரியாகப் பார்த்த அதே வெள்ளைக்காரர்களுக்கு, அடுத்த ஐம்பது வருஷத்தில் காடு கருவூலமாகிவிட்டது. கப்பலுக்குத் தேக்கு, ரயிலுக்குத் தண்டவாளக் கட்டை. 1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை ஏற்பட்டு, கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் அதற்குத் தலைவரானார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. பாதை வெட்டுவதும் பாதையைத் துப்புரவாக வைப்பதும் சம்பளத்துக்குச் செய்கிற வேலையானது அப்போதுதான். ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்று ஒரு இடம் இருக்கிறதே, வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. பெரிய மரங்களை நகர்த்த யானை, சங்கிலி. மலைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு 'கூப்பு ரோடு' என்ற சொல் தெரிந்திருக்கும். மரம் வெட்டக் குறித்துவைத்த பகுதிக்குக் 'கூப்பு' என்று பெயர். வெட்டுதல் என்ற அர்த்தமுள்ள பிரெஞ்சுச் சொல் இங்கிலீஷ் வழியாக வந்து நம் மலைக் கூலிகள் வாயில் கூப்பாக மாறியிருக்கிறது. இன்றைக்கு மலையேற்றம் போகிற பிள்ளைகள் நடக்கிற பாதைகளில் பல, இப்படி மரம் இறக்கவும் ரேஞ்சர் குதிரையில் போகவும் போட்ட பாதைகள்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு மலைப்பாதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சதுரகிரி. வத்திராயிருப்பு போய், தாணிப்பாறையிலிருந்து ஏற வேண்டும். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, இரட்டைலிங்கம், பிலாவடி கருப்பசாமி என்று ஒவ்வொரு இடமாக மூச்சு வாங்கி நின்று ஏறினால் மேலே சுந்தரமகாலிங்கமும் சந்தனமகாலிங்கமும். கூட்டம் அலைமோதுவது ஆடி அமாவாசைக்கு. மேல்காற்று மரங்களைப் பிடித்து உலுக்குவதும் அதே ஆடியில்தான். 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் இறந்துபோனது நினைவிருக்கும். மலையில் மழை பெய்தால் தண்ணீரோடு மரமும் கல்லும் சேர்ந்து ஓடைக்குள் இறங்கும்.

சமதரையில் கிடந்த எங்கள் ஊர்ப் புளியமரத்துக்கு இல்லாத ஒரு ஆபத்து மலைப்பாதையில் உண்டு. அறுபட்ட துண்டு உருளும். அதனால் மலையில் மரம் அறுக்கிறவன் எப்போதும் மேட்டுப் பக்கம்தான் நிற்பான். கீழே அடுத்த வளைவில் யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும். பக்தர்கள் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள், 'சாமி காத்துக்கிட்டிருக்கு' என்பார்கள். இன்னொன்று, விழுந்த மரம் வரும் வழியில் பக்கத்து மரங்களின் கிளைகளை முறித்திருக்கும். முறிந்த கிளை கீழே வராமல் மேலேயே மாட்டிக்கொண்டு தொங்கும். கீழே ரம்பத்தைப் போட்டு இழுக்கிற அதிர்வில் அது தலையில் இறங்கும். எங்கள் தாத்தா அண்ணாந்து பார்த்தது அதைத்தான். முழுசாகச் சாயாமல் இன்னொரு மரத்தின் கவட்டையில் மாட்டி நிற்கிற மரத்தை, அனுபவஸ்தர்களே பெரும்பாலும் தொட மாட்டார்கள். அதன் அடியில் போகாமல் பாதையைச் சுற்றி விட்டுவிடுவார்கள். பொந்து மரமாக இருந்தால் தேனீ இருக்கும். இதையெல்லாம் அந்த மலையில் பிறந்து வளர்ந்த பளியர்களிடம் கேட்டால், நமக்குப் புத்தகத்தில் கிடைக்காததெல்லாம் சொல்வார்கள்.

சதுரகிரி இருக்கிற காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆனது. இங்கேதான் சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது, பலருக்குத் தெரியாத சட்டம். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைப் பார்த்துப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு வளர்ந்து நாட்டுக் காடுகள் எல்லாவற்றுக்குமான வழக்காகிவிட்டது. அதில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று வந்த ஒரு உத்தரவு, தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் செத்த மரம், நோய் பிடித்த மரம், காற்றில் விழுந்த மரம் எதையும், புல்லைக்கூட, அகற்றக் கூடாது என்றது. முதலில் படித்தபோது எனக்கு இது அதிகப்படியாகப் பட்டது. விழுந்த மரத்தை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? யோசித்தால் காரணம் இருக்கிறது. 'விழுந்த மரம்' என்று கணக்கெழுதி, நின்ற மரத்தை லாரியில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அது போக, மட்கிக் கிடக்கிற மரம்தான் காளானுக்கும் கரையானுக்கும், அதைத் தின்கிற பறவைக்கும் கரடிக்கும் சாப்பாட்டுப் பந்தி.

அப்படியானால் பாதையில் விழுந்த மரத்தை என்ன செய்வது? பாதை அகலத்துக்கு மட்டும் இரண்டு வெட்டு, நடுத்துண்டை ஓரத்தில் உருட்டிவிடு, மிச்சம் அங்கேயே கிடக்கட்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தாத்தா 1960களில் செய்ததும் இதேதான். அவர் சட்டத்துக்குப் பயந்து செய்யவில்லை. ஒவ்வொரு வெட்டும் ஒரு ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். பத்து வெட்டு போட வேண்டிய இடத்தில் இரண்டு வெட்டோடு முடித்தால் எட்டு ஆபத்து மிச்சம் என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கை மறக்கடித்தது இயந்திர ரம்பம். ஜெர்மனியில் ஆந்திரயாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் மின்சாரத்தில் ஓடுகிற சங்கிலி ரம்பத்தைச் செய்தார், 1929இல் பெட்ரோலில் ஓடுகிறதைச் செய்தார். 40 கிலோவுக்கு மேல் கனம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒற்றை ஆள் தூக்குகிறது 1950களில்தான் பரவலாயிற்று. எங்கள் பக்கம் நான் அதைச் சாதாரணமாகப் பார்த்தது 2000க்குப் பிறகு. நாலு வழிச்சாலைக்காக மதுரை திருநெல்வேலி ரோட்டு மரங்களை அறுத்தபோது அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. நூறு வருஷத்துப் புளியமரம் பத்து நிமிஷத்தில் துண்டாகிப் போயிற்று.

குறை சொல்லிப் பயனில்லை, அது இல்லாமல் சமாளித்திருக்க முடியாத நாட்கள் வந்தன. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து தெருத் தெருவாக அடைத்துக்கொண்டன. வண்டலூர் உயிரியல் பூங்காவை மரங்களை அகற்றும் வரை மூடியே வைத்திருந்தார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பரையும் வாழையையும் தேக்கையும் படுக்க வைத்தது. 2018 நவம்பர் 16 கஜா. வேதாரண்யம் தொடங்கிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை வரைக்கும் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் போயின. பிள்ளையாக வளர்த்த தென்னை என்று சொல்கிறவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்போது எங்கெங்கிருந்தோ இயந்திர ரம்பத்தோடு ஆட்கள் போய் உதவினார்கள். நல்ல மனசோடு போனவர்கள்தான். ஆனால் அன்றுதான் முதல் தடவையாக அதைக் கையில் பிடித்த பையன்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன் அப்படிப் போய் முழங்காலுக்கு மேலே பதினெட்டுத் தையலோடு திரும்பி வந்தான்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு கெட்ட குணம். அதன் மூக்கு நுனி, குறிப்பாக நுனியின் மேல்பாதி, எதிலாவது பட்டுவிட்டால் மொத்தமும் பின்னோக்கித் துள்ளி, பிடித்திருக்கிறவன் முகத்தைப் பார்த்து வரும். விழுந்த மரத்தில் கிளைகளுக்கு நடுவே வேலை செய்யும்போது நுனி எதில் படுகிறது என்றே தெரியாது. இரண்டு ஆள் ரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதில் இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது. நீ இழு, விடு, அவன் இழுக்கட்டும். மரம் வாயை மூடத் தொடங்கினால் கைக்கு உடனே தெரியும், ரம்பம் கனக்கும். பிசின் பிடித்தால் மண்ணெண்ணெய் தடவுவார்கள். மரம் முறியப் போகும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் உள்ளேயிருந்து வரும். தாத்தா கையைத் தூக்குவார், இருவரும் ஏற்கெனவே பார்த்துவைத்த வழியில் பின்வாங்குவார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் அந்த 'டிக்' யாருக்குக் கேட்கும்?

அமெரிக்காவிலிருக்கும் என் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே 1964இல் ஒரு சட்டம் போட்டு, சில காடுகளை மனுஷன் கைபடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் மோட்டார் எதுவும் பொதுவாகக் கூடாது, இயந்திர ரம்பமும் கூடாது. ஆகவே உலகத்துக்கே இயந்திரம் விற்கிற அந்த நாட்டில், மலைப்பாதையில் விழுந்த மரத்தை அறுக்க இன்றும் இரண்டு ஆள் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள். போகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். ஆனால் பயிற்சி பெற்றுச் சான்று வாங்காமல் ரம்பத்தைத் தொட முடியாது. அந்தப் பயிற்சியில் முதலில் மனப்பாடம் செய்ய வைக்கிற ஐந்து கேள்விகள் உண்டாம். என்ன செய்யப் போகிறாய், சுற்றிலும் என்ன ஆபத்து, மரம் எந்தப் பக்கம் சாய்ந்தும் இறுகியும் கிடக்கிறது, எந்த வழியாகப் பின்வாங்குவாய், வெட்டை எந்த வரிசையில் போடுவாய். இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால் மரத்தை விட்டுவிட்டு வர வேண்டும்.

மகள் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வெற்றிலைதான் நினைவுக்கு வந்தது. அந்த அரை மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது.

நம் அரசும் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து போகலாம் என்று அறிவித்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டியாகப் போகிறார்கள், நல்ல காரியம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் போன உயிர்களுக்குப் பிறகு யார் எங்கே போகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. நடக்க வருகிறவர்கள் கூடக்கூட, மழைக்குப் பிறகு பாதையைத் திறக்கிற அவசரமும் கூடும். அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் காலுறைக் கவசமும் கொடுப்பதோடு, மரத்தைச் சுற்றி வருகிற அந்த அரை மணி நேரத்தையும் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மேலதிகாரி போனில் 'இன்னும் முடியலையா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் கவசமும் உதவாது.

சில வருஷங்களுக்கு முன் சதுரகிரிக்குப் போனபோது, ஏற்றத்தில் ஒரு இடத்தில் பெரிய மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து, நடுவில் மட்டும் அறுத்து வழி விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் அறுத்த முகம் தெரிந்தது. கீழ்ப்பக்கத்து முகத்தில் மேலே ஒரு வெட்டு, அடியிலிருந்து ஒரு வெட்டு, இரண்டும் சந்தித்த இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு படி. வெட்டிய ஆளுக்கு வேலை தெரிந்திருக்கிறது. ஓரத்தில் உருட்டி விட்டிருந்த நடுத்துண்டில் இரண்டு பாட்டிமார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். "உக்காருங்க அண்ணாச்சி, எடம் இருக்கு" என்று நகர்ந்துகொண்டார்கள். உட்காருவதற்கு முன் துண்டை ஒரு தடவை காலால் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை.